எக்ஸ்போஷரும் ஃப்ரேமும் கற்றுக்கொள்ள: எல்லையோரத்துப் புதுக் கேமராமேன்களுக்கு

கேமரா வாங்குவது இன்று பெரிய காரியமில்லை. தவணையில் போட்டாவது வாங்கிவிடுகிறார்கள். வாங்கிய மறுநாளே பாலக்காடு–பொள்ளாச்சி எல்லையோரத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கத்துத் தம்பிகள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, செட்டிங் என்ன வைக்கட்டும்?" தொழில் தெரிந்த கேமராமேன் அதற்கு எண் சொல்ல மாட்டார். "ஆளை எங்கே நிறுத்தப்போறே?" என்று திருப்பிக் கேட்பார். எக்ஸ்போஷர் (படத்தில் எவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும் என்பது) தனிப் பாடம், ஃப்ரேம் (படத்துக்குள் எது எங்கே நிற்க வேண்டும் என்பது) தனிப் பாடம் என்று நினைத்துப் படிப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் தடுமாறுகிறார்கள். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், ஆள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார் என்பதிலேயே இரண்டும் சேர்ந்து முடிவாகிவிடுகின்றன. பெரியவர்களிடம் கற்க வேண்டியது அந்த முடிவைத்தான். எண்கள் பிறகு வரும்.

முதல் வேலை: பார்ப்பதற்கு ஒரு ஆளைத் தேடுங்கள்

நம் பக்கத்தில் இதற்குக் குறையில்லை. மேற்கே போனால் ஒற்றப்பாலம். அங்குள்ள வரிக்காசேரி மனையில் எத்தனையோ மலையாளப் படங்கள் எடுத்திருக்கிறார்கள். கிழக்கே பொள்ளாச்சி, தோப்பும் வாய்க்காலும் திரையில் வந்தால் பாதி அங்கே எடுத்ததுதான். அனுமதி இருக்கும் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தாலே பாடம் கிடைக்கும். ஆனால் எல்லாரும் கேமராவையே பார்க்கிறார்கள். நீங்கள் லைட்மேனைப் பாருங்கள். தெர்மாகோலை எந்தப் பக்கம் பிடிக்கிறார், வெயிலை மென்மையாக்கும் ஸ்கிம்மர் துணியை நடிகர் தலைக்கு மேல் எவ்வளவு உயரத்தில் கட்டுகிறார், ஷாட் மாறும்போது எதை முதலில் நகர்த்துகிறார் என்று கவனியுங்கள். டீ நேரத்தில் பொறுமையாகப் பதில் சொல்பவரும் பெரும்பாலும் அவர்தான்.

சினிமா யூனிட் எல்லோருக்கும் வாய்க்காது. நன்றாக எடுக்கும் கல்யாணக் கேமராமேன் ஒருவரிடம் டிரைபாட் தூக்கப் போவது அதைவிட நல்ல வழி. இந்தத் தொழில் இங்கே அப்படித்தான் வளர்ந்தது. பி.சி. ஸ்ரீராமிடம் உதவியாளராக இருந்த கே.வி. ஆனந்த், தனியாக ஒளிப்பதிவு செய்த முதல் படமே ஒரு மலையாளப் படம்; 1994-ல் வந்த அதற்கே தேசிய விருது கிடைத்தது. உதவியாளராக இருந்த நாட்களில் கண் பழகியதுதான் அங்கே வேலை செய்தது.

உதவியாளராகப் போனால் சில நடைமுறைகள் உண்டு. சொன்ன நேரத்துக்கு முன்பே போங்கள். கேட்காமல் அவர் கேமராவைத் தொடாதீர்கள். ரெக்கார்டு ஓடும்போது கேள்வி கேட்காதீர்கள். பாக்கெட்டில் சின்ன நோட்டு இருக்கட்டும். "எஃப் எவ்வளவு வெச்சீங்க?" என்று லென்ஸ் துவாரத்தின் அளவைக் கேட்டால் ஒரு எண் கிடைக்கும், அது அந்த இடத்துக்கு மட்டும்தான் பயன்படும். "எதைப் பார்த்து அந்த எண்ணை வெச்சீங்க சேட்டா?" என்று கேட்டால் எல்லா இடத்துக்கும் பயன்படும் பதில் கிடைக்கும்.

இரண்டாவது: திண்ணைப் பயிற்சி

வீட்டிலேயே செய்யலாம். மத்தியானம் பதினொரு மணிக்கு மேல் அம்மாவையோ தம்பியையோ உட்கார வையுங்கள். முற்றத்தில் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். ஓடு போட்ட வீட்டின் நடு அறையில் ஐந்நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம். ஏழு ஸ்டாப்புக்கும் மேல் வித்தியாசம். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது. ஏழு முறை இரட்டித்தால் நூற்றிருபத்தெட்டு மடங்கு. சாதாரண வீடியோ மோடில் இரண்டையும் ஒரே ஃப்ரேமில் காப்பாற்ற முடியாது.

முதலில் நீங்கள் அறைக்குள் நின்று, வாசல் பக்கம் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவரை எடுங்கள். முகம் கறுத்துப்போகும். முகத்தைத் தூக்கினால் முற்றம் வெள்ளைத் தாளாகிவிடும். இப்போது செட்டிங்கைத் தொடாமல் இடத்தை மட்டும் மாற்றுங்கள். அவரை நிலைப்படிக்கு ஓரடி உள்ளே, முற்றத்தைப் பார்த்து உட்கார வையுங்கள். நீங்கள் திண்ணையில், வெளிச்சத்துக்கு ஓரமாக நில்லுங்கள். கூரை நிழல் இருப்பதால் நேர் வெயில் முகத்தில் விழாது. முற்றத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மெதுவாக முகத்தில் பரவும், பின்னால் அறை இருட்டாக இறங்கும். கன்னத்தின் ஒரு பக்கம் லேசாக மங்கி முகத்துக்கு உருவம் வரும். ஒரு லைட்டும் செலவில்லை.

பிறகு அவரை ஓரடி உள்ளே, ஓரடி வெளியே என்று நகர்த்தியும், இடப்பக்கம் கால்பங்கு திருப்பியும் ஒவ்வொன்றையும் பத்து விநாடி எடுத்து வையுங்கள். எடுத்ததைப் பார்க்கும்போது கண்ணின் பாவையில் விழும் வெளிச்சப் புள்ளியைக் கவனியுங்கள். வாசலின் வடிவம் அதில் தெரியும். எந்த நல்ல படத்தையும் சத்தத்தை அணைத்து, க்ளோஸ் ஷாட்டில் நிறுத்தி, கண் புள்ளியைப் பார்த்தால் லைட் எந்தப் பக்கத்தில், எவ்வளவு பெரியதாக வைத்திருந்தார்கள் என்று ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். இதைவிட மலிவான வகுப்பு கிடையாது.

மூன்றாவது: மாற்றக் கூடாததை முதலில் பூட்டுங்கள்

போட்டோவில் ஷட்டரை (ஒவ்வொரு படமும் வெளிச்சம் வாங்கும் நேரத்தை) இஷ்டத்துக்கு மாற்றலாம். வீடியோவில் கூடாது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண ட்யூப்லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் விநாடிக்கு 100 முறை மினுங்கும். அதனால் கேமரா மெனுவில் பால் (PAL) முறையைத் தேர்ந்து, விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 விநாடி என்று வைத்துவிடுங்கள். 30 ஃப்ரேமும் 1/60-ம் வைத்து வந்த கேமராவை அப்படியே மண்டபத்துக்குக் கொண்டுபோனால் படத்தில் பட்டை ஓடும். மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. சுவர் இருந்தால் 1/50-லும் சில சமயம் கோடு விழும். கேமராவில் ஷட்டரை நுணுக்கமாக மாற்றும் வசதி இருந்தால் கோடு மறையும் வரை நகர்த்துங்கள்.

1/50-க்கு இன்னொரு காரணமும் உண்டு. செண்டைக் கோல் மேலிருந்து கீழே இறங்கும்போது அந்த வேகத்தில் கோல் லேசாகக் கலைந்து தெரியும். நம் கண்ணுக்கும் அப்படித்தான் தெரிகிறது. 1/500 வைத்தால் கோல் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று வெட்டி வெட்டி நிற்கும். மேளத்தின் துடிப்பே போய்விடும்.

எந்த வெளிச்சத்திலும் வெள்ளையை வெள்ளையாகக் காட்ட வைக்கும் ஒயிட் பேலன்ஸையும் ஆட்டோவில் விடாதீர்கள். வெயிலில் 5600 கெல்வின், பழைய மஞ்சள் பல்புக்கு 3200. ஆட்டோவில் இருந்தால் மஞ்சள் புடவை ஃப்ரேமுக்குள் வந்ததும் முகத்தின் நிறமே மாறும். எடிட்டில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. குத்துவிளக்கு வெளிச்சத்துக்கு நிறம் மிகவும் சிவந்தது. அதை வெள்ளையாக்கப் பார்க்காதீர்கள், மஞ்சளாகவே இருக்கட்டும்.

ஷட்டர் பூட்டியாயிற்று, வெயிலோ அடிக்கிறது. இங்கேதான் என்.டி. ஃபில்டர், அதாவது நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி, வேண்டும். கணக்கு ஒரு முறை போட்டுப் பார்த்தால் மறக்காது. நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளியுணர்வு) 100, ஷட்டர் 1/100 என்றால் எஃப்/16 என்பது பழைய ஃபிலிம் காலத்து விதி. ஷட்டர் 1/50 என்றால் எஃப்/22. உங்களுக்கு எஃப்/2.8 வேண்டும். எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும், ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப். 22, 16, 11, 8, 5.6, 4, 2.8: ஆறு ஸ்டாப். ஆறு ஸ்டாப் குறைக்கும் ஃபில்டர் என்.டி. 64. லாக் முறையில் (பிறகு நிறம் திருத்துவதற்காக மங்கலாகப் பதியும் முறை) எடுக்கிறீர்கள், கேமராவின் அடிப்படை ஐ.எஸ்.ஓ. 800 என்றால் இன்னும் மூன்று ஸ்டாப் சேர்ந்து ஒன்பது. அதனால்தான் வெயிலில் லாக் எடுக்கும் ஆட்கள் கனமான ஃபில்டரோடு அலைகிறார்கள். சுழற்றும் வேரியபிள் என்.டி. வசதிதான், ஆனால் கடைசி எல்லை வரை சுழற்றினால் படத்தில் பெருக்கல் குறி போல இருட்டு விழும். அதற்கு முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள்.

லாக் பற்றி ஒரு வார்த்தை. கலர் கிரேடிங் செய்யத் தெரியும் வரை தொடாதீர்கள். நிறப் படிகளைக் குறைவாகப் பதியும் எட்டு பிட் கேமராவில் லாக் எடுத்து இழுத்தால் வானம் படிக்கட்டுப் படிக்கட்டாக உடையும்.

நான்காவது: முகம்

கேமராவின் மீட்டர், தான் பார்க்கும் எதையும் 18 சதவீதச் சாம்பல் நிறமாகவே எண்ணிக்கொள்ளும். முழுக்க வெள்ளை வேட்டி நிறைந்த ஃப்ரேமைக் கொடுத்தால் படத்தை இருட்டாக்கும். கறுப்பு நிறைந்த ஃப்ரேமைக் கொடுத்தால் வெளுக்க வைக்கும். ஆகவே மீட்டர் சொல்வதைக் கேட்டுவிட்டு, முகத்தைப் பார்த்து நீங்கள் முடிவெடுக்க வேண்டும்.

அதற்கு உதவுவது ஜீப்ரா. பிரகாசம் குறிப்பிட்ட அளவைத் தொட்ட இடத்தில் வரிக்கோடு காட்டும். முழு வெள்ளையை 100 என்று வைத்து அந்த அளவைச் சொல்வார்கள். பல கையேடுகளில் 'முகத்துக்கு 70' என்று இருக்கும். அது வெள்ளைக்காரர் முகத்துக்கு வந்த கணக்கு. நம் மாநிற முகத்தின் வெளிச்சமான கன்னம் 50-லிருந்து 60-க்குள் இருந்தால் போதும். நல்ல கறுப்பு முகத்துக்கு 40-50. பல கேமராக்களில் ஜீப்ராவை 55, கூடக்குறைய 5 என்று அமைக்கலாம். கன்னத்தில் கோடு வரும் வரை ஐரிஸை (லென்ஸ் துவாரத்தை) திறந்து, அங்கேயே நிறுத்துங்கள். இது சாதாரண வீடியோ மோடுக்கான அளவு. சோனியின் எஸ்-லாக் 3-ல் சாம்பல் அட்டையே 41-லும் வெள்ளைத் தாள் 61-லும் உட்காரும், அங்கே இந்த எண்களைக் கொண்டுபோகாதீர்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பெண்ணை 'கலராக'க் காட்ட வேண்டும் என்று ஒன்றரை ஸ்டாப் ஏற்றி எடுப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. மூக்கு, நெற்றி, கன்னம் எல்லாம் ஒரே வெளுப்பாகி, அந்தப் பெண்ணின் முகமே காணாமல் போகிறது. முப்பது வருடம் கழித்து அவள் பேத்தி பார்க்கும்போது பாட்டி எப்படி இருந்தாள் என்று தெரிய வேண்டாமா? கறுப்பு முகம் ஓரத்து வெளிச்சத்தில் மினுங்குவது போல எந்த முகமும் மினுங்காது. அதைக் காட்டுவதுதான் நம் வேலை.

கல்யாணத்தில் உண்மையாகவே ஒரு சிக்கல் வரும். மணப்பெண்ணுக்கு மேக்கப் வெளுப்பாக இருக்கும், பக்கத்தில் மாப்பிள்ளை மாநிறம். யாருக்கு எக்ஸ்போஸ் செய்வது? அனுபவப்பட்டவர் ஐரிஸைத் தொட மாட்டார். ஜன்னலோ லைட்டோ எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மாப்பிள்ளை வரும்படி தான் நிற்கும் இடத்தையும் லைட்டின் இடத்தையும் மாற்றுவார். வெளிச்சத்துக்கு அருகே மாப்பிள்ளை, கொஞ்சம் தள்ளிப் பெண். லைட் கிட்டத்தில் இருக்கும்போது ஒன்றிரண்டு அடி தள்ளினாலே வெளிச்சம் நன்றாகக் குறையும். இரண்டு முகமும் தன் தன் நிறத்தில் வந்துவிடும்.

ஐந்தாவது: யானையும் நெற்றிப்பட்டமும்

எக்ஸ்போஷருக்கு எங்கள் பக்கத்தில் இதைவிடக் கடினமான பரீட்சை இல்லை. பாலக்காட்டுப் பக்கத்துக் கோயில் திருவிழாவான நெம்மாறா–வல்லங்கி வேலா மலையாள மீன மாதம் இருபதாம் நாள், அதாவது ஏப்ரல் தொடக்கத்தில் வரும். பிற்பகல் வெயில். கறுத்த யானை, அதன் நெற்றியில் பொன் நிற நெற்றிப்பட்டம், மேலே வெண்சாமரம் வீசுபவர்கள், கீழே வெள்ளை வேட்டிக் கூட்டம். கறுப்பு, பொன், வெள்ளை மூன்றும் ஒரே ஃப்ரேமில். ஆட்டோவில் விட்டுத் தும்பிக்கைக்கு ஜூம் செய்தால் கேமரா கறுப்பைத் தூக்கும், நெற்றிப்பட்டம் மஞ்சள் கறையாகிவிடும். பின்னால் இழுத்துக் கூட்டத்தைக் காட்டினால் வெள்ளையைப் பார்த்துப் பயந்து இறக்கும், யானை இருந்த இடத்தில் ஓட்டை விழுந்தது போலிருக்கும்.

செய்ய வேண்டியது இது. ஜீப்ராவை 95-க்கு மாற்றுங்கள். நெற்றிப்பட்டத்தில் வரிசை வரிசையாகக் குமிழ்கள் இருக்கும். ஒவ்வொரு குமிழின் உச்சியிலும் சூரியன் ஒரு பொட்டு மின்னும்; அந்தப் பொட்டில் கோடு வரட்டும், பரவாயில்லை. குமிழின் உடம்பில் கோடு வந்தால் ஐரிஸை மூடுங்கள். கோடு பொட்டுக்குள் அடங்கியதும் யானையின் கண்ணைப் பாருங்கள். கண்ணைச் சுற்றிய சுருக்கங்கள் தெரிகின்றனவா? தெரிந்தால் அந்த எக்ஸ்போஷர் சரி, மாலை வெயில் மாறும் வரை தொடாதீர்கள். தெரியாவிட்டால் உங்கள் இடம் தவறு. வெயில் யானைக்குப் பின்னாலிருந்து வருகிறது என்று பொருள். பக்கவாட்டு வெயில் முகத்தில் படும் பக்கத்துக்குச் சுற்றி வாருங்கள், அல்லது வெயில் சாயும் வரை மேளக்காரர்களை எடுங்கள்.

ஏதாவது ஒரு கடை மாடியோ திண்டோ பார்த்து, 85 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸில் தூரத்திலிருந்து எடுப்பதே நல்லது. கீழே கூட்டத்தில் யானை அருகே போக வேண்டாம், லைட் அடிக்கவே வேண்டாம். பாகன் போகச் சொன்னால் ஷாட் பாதியில் இருந்தாலும் நகருங்கள். ஃப்ரேமில் தும்பிக்கை நுனியையும் கொம்பையும் வெட்டாதீர்கள். பாகன் ஓரத்தில் நிற்கட்டும், அவர் நின்றால்தான் யானையின் உயரம் தெரியும். இரவு வெடிக்கட்டுக்கு (வாணவேடிக்கைக்கு) ஃபோகஸை மேனுவலில் தூரத்துக்கு வைத்து, ஐ.எஸ்.ஓ.வைக் குறைத்து, எஃப்/8 பக்கம் ஆரம்பியுங்கள். வானம் இருட்டாக இருக்கிறதே என்று திறந்துவிட்டால் பூ விரிந்ததும் எல்லாம் வெள்ளையாகிவிடும்.

ஆறாவது: ஃப்ரேம்

கண்கள் ஃப்ரேமின் மேல் மூன்றில் ஒரு பங்குக் கோட்டில், பார்க்கும் திசையில் இடம் அதிகமாக, தலைக்கு மேல் கொஞ்சமாக. இது எல்லாரும் சொல்வது, சரியானதும்கூட. முழங்கால், மணிக்கட்டு, கணுக்கால் என்று மூட்டு இருக்கும் இடத்தில் ஃப்ரேமை வெட்டாதீர்கள். தொடை நடுவிலோ மார்பிலோ வெட்டுங்கள்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எடுப்பவர்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டியது பனைமரம். எங்கே நிறுத்தினாலும் ஆளின் தலைக்குப் பின்னால் ஒரு பனை முளைத்திருக்கும். ரெக்கார்டு அழுத்தும் முன் தலையைச் சுற்றி ஒரு வட்டம் கண்ணால் ஓட்டுங்கள். மரம், கம்பம், வரப்பின் கோடு எதுவும் தலையையோ கழுத்தையோ வெட்டினால் அரையடி இடமோ வலமோ நகருங்கள், அல்லது கேமராவைச் சற்று இறக்குங்கள்.

சின்ன அறையில் இடம் போதவில்லை என்று 24 மி.மீ. லென்ஸைப் போட்டு முகத்தருகே போனால் மூக்கு பெரிதாகும், காது பின்னால் ஓடும். ஜன்னலுக்கு வெளியே போய் நின்றாவது 50-ல் எடுங்கள். கேமரா உயரம் ஆளின் கண் உயரம். வயதானவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தால் டிரைபாடை இறக்குங்கள், மேலிருந்து பார்க்காதீர்கள்.

இரண்டு பேர் பேசும்போது அவர்களை இணைக்கும் கற்பனைக் கோட்டின் ஒரே பக்கத்தில் இருங்கள். கல்யாணத்தில் இரண்டு கேமரா ஓடினால் காலையிலேயே இதைப் பேசி முடிவு செய்துவிடுங்கள். தாலி கட்டும்போது இரண்டாவது ஆள் மறுபக்கம் ஓடினால், எடிட்டில் மாப்பிள்ளை இடத்தில் பெண் வந்து நிற்பாள்.

ஒவ்வொரு ஷாட்டையும் அசையாமல் பத்து விநாடி பிடியுங்கள். பேன் செய்தால், அதாவது கேமராவைப் பக்கவாட்டில் திருப்பினால், ஒரு பொருள் ஃப்ரேமின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போக ஏழு விநாடியாவது ஆகட்டும், அதைவிட வேகமானால் படம் நடுங்கும். பேன் எங்கே முடிய வேண்டும் என்பதை முதலில் ஃப்ரேம் செய்து பார்த்துவிட்டு, பிறகு தொடக்கத்துக்கு வாருங்கள்.

மேகமும் காற்றும்

நம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே இருப்பதால் ஆனி, ஆடியில் மேகம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் இரண்டு மூன்று ஸ்டாப் ஏறி இறங்கும். ஷாட் நடுவில் ஐரிஸைத் திருகினால் ஃபோகஸில் தெரியும் ஆழமும் மாறி அசிங்கமாகத் தெரியும். வேரியபிள் என்.டி.யை மெதுவாகச் சுழற்றுவது ஓரளவு தாங்கும். அதைவிட, வானத்தைப் பார்த்து, பெரிய மேகம் வந்ததும் அந்த நிழலுக்குள் ஒரு காட்சியை முழுதாக முடிப்பதே மேல். யூனிட்களில் கேமராமேன் கண்ணை இடுக்கி வானத்தையே பார்த்து நிற்பது அதற்குத்தான். காற்றில் ஆடாமலிருக்க டிரைபாட் நடுக்கொக்கியில் கேமரா பையைத் தொங்கவிடுங்கள். மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம்.

எடுத்ததைக் காட்டுங்கள், பிறகு படிப்பு

வாரம் ஒரு நாள் எடுத்த பயிற்சிகளில் நாலைந்து ஷாட்டை வெட்டாமல், பாட்டு போடாமல் உங்கள் குருவிடம் காட்டுங்கள். பாட்டு போட்டால் எல்லாப் படமும் நன்றாகத் தெரியும். அவர் எங்கே முகம் சுளிக்கிறாரோ அந்த விநாடியைக் குறித்துக்கொண்டு, அதே இடத்துக்கு, அதே நேரத்துக்குப் போய் மறுபடி எடுங்கள்.

முறையாகப் படிக்க நினைத்தால் சென்னை தரமணியில் தமிழ்நாடு அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்தில் கே.ஆர். நாராயணன் பெயரிலான காட்சிக் கலை நிறுவனம், புனேயில் 1960-ல் தொடங்கிய திரைப்படக் கல்லூரி. மூன்றிலும் ஒளிப்பதிவு தனிப் பாடம். இடங்கள் குறைவு, போட்டி அதிகம், அதனால் சேர்க்கை அறிவிப்பு வரும் முன்பே கையில் கொஞ்சம் வேலை இருக்கட்டும். உங்கள் ஊரில் ஒருவர் காலையிலிருந்து மாலை வரை செய்யும் தொழிலை, நெசவோ கள்ளிறக்குவதோ இட்லிக் கடையோ, மூன்று நிமிடத்தில், பின்னணி இசை இல்லாமல் எடுத்து வையுங்கள். முகம் தெரிய வேண்டும், கை தெரிய வேண்டும், காலை வெளிச்சமும் மாலை வெளிச்சமும் வித்தியாசமாகத் தெரிய வேண்டும்.